வாயில் வரும் அரிய ரத்தக்குழாய்க் கட்டிகள்: கண்டறியும் முறையும் அறுவைச் சிகிச்சையும்

"ஈறுல சதை வளருது டாக்டர், தொட்டாலே ரத்தம் வருது" என்று சொல்லிக்கொண்டு சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளின் பல் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது சாதாரணமான ஈறு வளர்ச்சிதான். பற்காரையைச் சுத்தம் செய்து, சதையை அடியோடு எடுத்து, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அது முடிந்துவிடும். இந்தக் கட்டுரை மீதமுள்ள சிலரைப் பற்றியது: பார்வைக்கு அதே போன்ற சிவப்புக் கட்டியோடு வந்து, உள்ளே வேறொன்றை வைத்திருப்பவர்கள். சிறிய கிளினிக்கில் தனியாகப் பணிபுரியும் பல் மருத்துவர்களையும், வாய், தாடை அறுவைச் சிகிச்சையில் பயிற்சி பெறும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கத்தி, ஊசி, பல் பிடுங்கும் கொறடு ஆகிய எதையும் கையில் எடுப்பதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். உள்ளே ரத்தம் வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்பது ஒன்று. அங்கே இருப்பது பெருகி வளரும் செல்களா, பிறவியிலேயே கோணலாக அமைந்துவிட்ட குழாய்களா என்பது மற்றொன்று. இவை இரண்டும் தெரிந்தால் சிகிச்சை ஏறத்தாழ முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கினால் எவ்வளவு திறமையான கையும் தடுமாறும்.

முதலில் பிரிக்க வேண்டியது

1982-ல் ஜான் மல்லிக்கன், ஜூலி குளோவாக்கி இருவரும், குழாயின் உட்சுவர்ச் செல்கள் பெருகும் கட்டிகளையும் செல் பெருக்கம் இல்லாத பிறவிக் குறைபாடுகளையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ரத்தக்குழாய்க் குறைபாடுகளை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 1996-ல் இந்தப் பிரிவினையை ஏற்று, 2014-லும் 2018-லும் விரித்து எழுதியது. அப்படியிருந்தும் நம் பக்கத்துப் பரிசோதனை அறிக்கைகளில் இன்றும் 'கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா' என்ற சொல் தாராளமாக வருகிறது. ஹீமாஞ்சியோமா என்பது உட்சுவர்ச் செல்கள் பெருகும் தீங்கற்ற கட்டி. பெரியவர் ஒருவரின் வாய்க்கட்டிக்கு அப்படி அறிக்கை வந்தால், அது பெரும்பாலும் சிரைக் குறைபாடாக, அதாவது பிறவியிலேயே கோணலாக அமைந்த சிரைகளாக, இருக்கும். குழந்தைகளின் ஹீமாஞ்சியோமாவைச் சுருக்கும் புரோப்ரனலால் மருந்து அதைச் சுருக்காது. எனவே அறிக்கையின் தலைப்பை மட்டும் பார்த்து மருந்தோ அறுவையோ முடிவு செய்ய வேண்டாம்.

கட்டிகளுக்குள்ளும் மூன்று படிகள் உண்டு. குழந்தை ஹீமாஞ்சியோமா, பிறக்கும்போதே முழுதாக வளர்ந்திருக்கும் பிறவி ஹீமாஞ்சியோமா, ஈறில் அடிக்கடி காணும் லோபுலர் கேபிலரி ஹீமாஞ்சியோமா, அரிதான எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோமா ஆகியவை தீங்கற்றவை. கபோசிஃபார்ம் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவும் கபோசி சார்கோமாவும் இடைப்பட்டவை. எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவும் ஆஞ்சியோசார்கோமாவும் புற்றுநோய்கள். பெயர்கள் ஒன்றோடொன்று குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பதால், தொலைபேசியில் அறிக்கையைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் தாளில் படித்துவிடுவது நல்லது.

கேட்பதும் பார்ப்பதும் தொடுவதும்

எப்போது தொடங்கியது என்பதே முதல் கேள்வி. பிறந்த சில வாரங்களில் தோன்றி முதல் சில மாதங்களில் வேகமாகப் பெருத்தது என்றால் குழந்தை ஹீமாஞ்சியோமாவை நினைக்க வேண்டும். பிறந்தது முதல் இருந்து, உடம்பு வளர வளரத் தானும் வளர்ந்தது என்றால் அது பிறவிக் குறைபாடு. குனிந்து களை எடுக்கும்போது கன்னம் கனக்கிறது, நிமிர்ந்தால் சரியாகிவிடுகிறது என்று ஒரு தோட்டத் தொழிலாளி சொன்னால், அந்த ஒரு வாக்கியமே சிரைக் குறைபாட்டைச் சொல்லிவிடுகிறது. தலையணையில் சாய்ந்து படுத்தால் காதுக்குள் 'விண் விண்' என்று துடிப்பு கேட்கிறது என்றால், தமனி நேராகச் சிரையோடு இணைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கருத்தரிப்பு, குடும்பத்தில் அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வருதல், எச்.ஐ.வி. தொற்று, சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகள், முன்பு அதே இடத்தில் பெற்ற கதிர்வீச்சு ஆகியவற்றையும் தவறாமல் கேட்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் வாயைச் சுத்தம் செய்யுங்கள். காப்பித் தோட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் வேலை செய்கிறவர்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் நிறைய பேர். சிவந்த வாயில் சிவந்த கட்டி தெரியாது. நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, ஈரத் துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்து, முடிந்தால் சன்னல் பக்கம் உட்காரவைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாற்காலி விளக்கின் மஞ்சள் ஒளி நீலத்தைக் கருப்பாகக் காட்டிவிடும்.

அடுத்துத் தேவைப்படுவது ஆய்வகத்தில் பயன்படும் சாதாரணக் கண்ணாடிச் சில்லு. அதைக் கட்டியின் மேல் தட்டையாக வைத்து மெல்ல அழுத்தினால், ரத்தம் குழாய்களுக்குள் இருக்கும்வரை கட்டி வெளுக்கும். அழுத்தத்தை எடுத்ததும் நிறம் எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். மெதுவாக, ஓரத்திலிருந்து ஊறுவதுபோல் நிரம்பினால் சிரை. நாடித் துடிப்போடு சட்டென்று நிரம்பினால் தமனி. கொஞ்சமும் வெளுக்காவிட்டால் ரத்தம் குழாய்க்கு வெளியே திசுவில் கசிந்திருக்கலாம், மெலனின் நிறமியாக இருக்கலாம், கபோசி சார்கோமாவாகவும் இருக்கலாம். முதியவர்களின் கீழுதட்டில் கருநீலமாகத் தெரியும் மென்மையான சிரைத் தேக்கம் கண்ணாடியின் கீழ் முழுதாக மறைந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவிவருவது எனக்கு உடன்பாடில்லை.

தொடும்போது ஒரு விரல் வாய்க்குள்ளும் மற்றொன்று வெளியே கன்னத்திலோ தாடைக்குக் கீழோ இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல எழும்புகிறதா, உள்ளே உறுதியான சதை இருக்கிறதா, சிறு மணிகள்போல் கெட்டியாக ஏதாவது நெருடுகிறதா என்று பாருங்கள். அந்த மணிகள், தேங்கிய ரத்தம் உறைந்து சுண்ணாம்பு படிந்த சிரைக்கற்கள். எக்ஸ்ரேயிலும் வட்ட வட்டமாகத் தெரியும். விரலடியில் அதிர்வு உணரப்பட்டால் ஸ்டெதஸ்கோப்பைக் கன்னத்தின் மேல் வைத்துக் கேளுங்கள். கீழுதட்டில் நீளவாட்டில் துடிக்கும் சிறு புடைப்பு இருந்தால் அது உதட்டுத் தமனியின் குறுகாத கிளையாக இருக்கலாம். எச்சில் கொப்பளம் என்று எண்ணிக் குத்தினால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும்.

பற்களையும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஈறு ஆரோக்கியமாக இருக்கும்போது ஒரு கடைவாய்ப்பல் மட்டும் ஆடுகிறது, விரலால் அழுத்தினால் உள்ளே அமிழ்ந்து, விரலை எடுத்தவுடன் மேலே எழும்புகிறது, அதன் கழுத்தைச் சுற்றி அவ்வப்போது ரத்தம் கசிகிறது என்றால், தாடை எலும்புக்குள் ரத்தக்குழாய்க் குறைபாடு இருப்பதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். அந்தப் பல்லை அன்று தொட வேண்டாம்.

வயது வந்தவருக்குச் சில வாரங்களில் வேகமாக வளர்ந்த கட்டி, காரணமில்லாத புண், கீழுதட்டில் மரத்துப்போன உணர்வு, கழுத்தில் நெறிகட்டு, அடியோடு ஒட்டிக்கொண்டு நகராத சதை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் புற்றுநோய் என்ற ஐயத்தோடுதான் தொடர வேண்டும்.

படங்களும் ரத்தப் பரிசோதனையும்

தாடையின் முழு எக்ஸ்ரே முதலில். எலும்புக்குள் தேன்கூடுபோல் அல்லது சோப்பு நுரைபோல் தெரியும் இடங்களும், வழக்கத்துக்கு மீறி அகன்று வளைந்த கீழ்த்தாடை நரம்புக் கால்வாயும் கவனிக்க வேண்டியவை. பல்லின் வேர் நுனி தேய்ந்திருப்பதும் உண்டு.

கலர் டாப்ளர் ஸ்கேன் மலிவானது, கதிர்வீச்சு இல்லாதது, ஓட்டத்தின் வேகத்தை நேரடியாகக் காட்டுவது. ஆனால் அனுப்பும் சீட்டில் 'வாய்க்கட்டி, ஸ்கேன்' என்று மட்டும் எழுதாமல், வேகமான ஓட்டமா மெதுவான ஓட்டமா, குழாய்களுக்கு நடுவே கெட்டியான சதை இருக்கிறதா, ஊட்டும் தமனி எது என்ற கேள்விகளை எழுதி அனுப்புங்கள். கேட்டால்தான் விடை வரும். வேகமான ஓட்டம் என்றாலே தமனி, சிரைப் பிணைப்புக் குறைபாடு என்று ஆகிவிடாது; வளரும் பருவத்தில் உள்ள குழந்தை ஹீமாஞ்சியோமாவிலும் ஓட்டம் வேகமாகவே இருக்கும், ஆனால் அதில் நடுவே சதை இருக்கும். அந்தச் சதைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுவது.

கட்டி நாக்கின் அடியிலோ கன்னத் தசைக்குள்ளோ மெல்லண்ணத்திலோ ஆழமாக இறங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. சிரைக் குறைபாடு டி2 படத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள் கருப்புப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் விழும். உலோகப் பல் உறைகளும் கம்பிகளும் படத்தைக் கெடுக்கும் என்பதால் முன்கூட்டியே அதைத் தெரிவியுங்கள். எலும்பு சம்பந்தப்பட்டிருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம். குழாய்க்குள் கம்பி செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம், ஊட்டும் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையும் (எம்போலைசேஷன்) திட்டமிடப்பட்டிருந்தால் மட்டும் போதும்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உறைதல் நேரங்கள், ரத்த வகை ஆகியவை எல்லாருக்கும் வேண்டும். பெரிய சிரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த உறைதலின் நிலையைக் காட்டும் டி-டைமரும் ஃபைப்ரினோஜனும் சேர்த்துப் பாருங்கள். கட்டிக்குள் நாள்பட்ட உறைதல் நடந்துகொண்டிருந்தால், அறுவையின் நடுவே அது வேறு முகம் காட்டும். எச்.ஐ.வி. பரிசோதனையை விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும்.

திசுவை எப்போது எடுக்கலாம்

துடிப்போ அதிர்வோ வேகமான ஓட்டமோ இருக்கும் கட்டியில் கிளினிக் நாற்காலியில் பயாப்சி எடுக்கக் கூடாது. எலும்புக்குள் இருக்கும் எந்தக் கருநிழலையும் திறப்பதற்கு முன் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு பல் மருத்துவருக்கும் இருக்க வேண்டும். பிஸ்டனை இழுக்காமலே சிரிஞ்சுக்குள் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஏறினால், ஊசியை எடுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மெதுவான ஓட்டம் உள்ள, ஆனால் புற்றுநோய் ஐயம் தரும் கட்டியில் திசு எடுத்தே ஆக வேண்டும். கட்டியின் மேற்பரப்பில் உள்ள புண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் அறிக்கை 'அழற்சித் திசு' என்றுதான் வரும். ஓரத்தில், ஆழமும் சேர்ந்து வரும்படி ஒரு துண்டு வேண்டும். துண்டை உடனே அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். ஃபார்மலின் தீர்ந்துவிட்டது என்று ஸ்பிரிட்டிலோ உப்புநீரிலோ போட்டு மலையிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், சேலம் வந்து சேரும்போது நோய்க்கூறு மருத்துவருக்குப் படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

சாதாரணச் சாயத்தில் கண்டுபிடிக்க முடியாதபோது சிறப்புச் சாயங்கள் உதவுகின்றன. சிடி31, சிடி34, ஈஆர்ஜி ஆகியவை, செல்கள் ரத்தக்குழாயிலிருந்து வந்தவை என்று சொல்லும். குளூட்-1 குழந்தை ஹீமாஞ்சியோமாவில் மட்டும் நேர்மறையாக இருந்து, பிறவி ஹீமாஞ்சியோமாவிலிருந்தும் சிரைக் குறைபாட்டிலிருந்தும் அதைப் பிரிக்கும். எச்.எச்.வி.-8 வைரஸின் அடையாளம் கிடைத்தால் கபோசி சார்கோமா. எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவின் பெரும்பாலான கட்டிகளில் கேம்டா1 என்ற புரதம் சாயத்தில் தெரியும். அதற்குக் காரணமான மரபணு இணைப்பு கண்டறியப்பட்ட பிறகு முன்பிருந்த குழப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: குழாய்க்குள் உறைந்த ரத்தத்தின்மேல் செல்கள் விரல்போல் வளரும் தீங்கற்ற நிலை ஒன்று உண்டு. 1923-ல் மாசோன் விவரித்தது அது. அனுபவமில்லாத கண்ணுக்கு ஆஞ்சியோசார்கோமாபோல் தெரியும். நாக்கின் பாதியை எடுக்கச் சொல்லும் அறிக்கை எதுவாக இருந்தாலும், இரண்டாவது நோய்க்கூறு மருத்துவர் ஒருவர் சில்லுகளைப் பார்த்த பிறகே அறுவைத் தேதியைக் குறிப்பது என் வழக்கம்.

கத்தி காத்திருக்க வேண்டிய கட்டிகள்

குழந்தை ஹீமாஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். 2008-ல் பிரான்சின் போர்தோ நகரில் லெயோத்தே-லாப்ரேஸ் குழுவினர், இதயத்துக்காகக் கொடுத்த புரோப்ரனலால் ஹீமாஞ்சியோமாவைச் சுருக்குவதைத் தற்செயலாகக் கண்டு வெளியிட்டார்கள். இன்று உதட்டில் புண்ணாகும், பால் குடிக்கவோ மூச்சுக்கோ இடைஞ்சல் தரும் கட்டிகளுக்கு அதுவே முதல் மருந்து; கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 3 மி.கி. வரை, குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில், பிரித்துக் கொடுக்கப்படும். பால் கொடுத்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும், குழந்தை பால் குடிக்காத நாளில் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பதைத் தாயிடம் மட்டுமல்லாமல் வீட்டில் இருக்கும் பாட்டியிடமும் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை தாழ்வது இங்கே உண்மையான ஆபத்து.

கபோசிஃபார்ம் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா, தட்டணுக்களைத் தனக்குள் சிறைப்பிடித்து ரத்தத்தில் அவற்றை வெகுவாகக் குறைத்துவிடும். குழந்தையின் கட்டி ஊதா நிறமாகக் கெட்டிப்பட்டு, தட்டணுக்கள் சரிந்திருந்தால், சிரோலிமஸ், ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளால் முதலில் அதை அடக்க வேண்டும். ரத்தக்கசிவு இல்லாதபோது தட்டணுக்களை ஏற்றிக்கொண்டிருப்பது கட்டிக்குத் தீனி போடுவதாகும். எச்.ஐ.வி. சார்ந்த கபோசி சார்கோமாவில் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளே அடிப்படை. அண்ணத்திலோ ஈறிலோ உள்ள கட்டி ரத்தம் கசிந்து சாப்பாட்டைக் கெடுத்தால் மட்டும் உள்ளூர்ச் சிகிச்சையைச் சேர்க்கலாம். கர்ப்பகால ஈறுக்கட்டி பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சிறுத்துவிடக்கூடும். அதுவரை சுத்தமும் பொறுமையும் போதும். அடிக்கடி ரத்தம் கொட்டினால் கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் முதல் 6-ஆம் மாதத்துக்குள் எடுப்பது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

மெதுவான ஓட்டமுள்ள சிரைக் குறைபாட்டுக்கு சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட், பாலிடோக்கனால், பிளியோமைசின் ஆகியவற்றில் ஒன்றை ஊசியால் செலுத்திச் சுருக்கும் ஸ்கிளீரோதெரபி பல நேரங்களில் அறுவையை வென்றுவிடுகிறது. சிறுத்த பிறகு எஞ்சியதை மட்டும் வெட்டி எடுத்தால் ரத்த இழப்பும் குறையும், உருவமும் காப்பாற்றப்படும்.

அறுவைக்கு முன்

தமனி ஊட்டும் பெரிய கட்டிக்கு அறுவைக்கு முன் எம்போலைசேஷன் செய்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அறுவையை முடிக்க வேண்டும். தாமதித்தால் பக்கக் குழாய்கள் திறந்து ரத்தம் வேறு வழியில் வந்துவிடும். இந்த இரண்டு தேதிகளும் ஒட்டி அமையாவிட்டால் அறுவையைத் தள்ளிவைப்பதே மேல். நீங்கள் அனுப்பும் மருத்துவமனையில் குழாய்வழிச் சிகிச்சை செய்யும் ரேடியாலஜி நிபுணர் அந்த வாரம் இருக்கிறாரா என்று தொலைபேசியில் உறுதிசெய்யாமல் நோயாளியைப் பஸ் ஏற்றிவிட வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, தேவைப்பட்டால் கோவை, வேலூர், சென்னையோ, எங்கே அனுப்பினாலும் இது பொருந்தும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் முன் அனுமதிக்கான நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வலியுறுத்த வேண்டிய ஒன்று: முகத்துக்கும் வாய்க்கும் ரத்தம் கொண்டுபோகும் எக்ஸ்டெர்னல் கரோடிட் தமனியைக் கழுத்தில் கட்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிட வேண்டும். தமனி, சிரைப் பிணைப்புக் குறைபாட்டில் அப்படிக் கட்டினால் சில நாட்களில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் கழுத்தின் பின்புறத்திலிருந்தும் ரத்தம் வரத் தொடங்கும்; அத்துடன் பின்னர் எம்போலைசேஷன் செய்வதற்கான வழியும் அடைபட்டுப்போகும்.

குழந்தை என்றால் ரத்தக் கணக்கைப் போட்டு எழுதிவையுங்கள். கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. என்று கொண்டால் 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருப்பது மொத்தம் 800 மி.லி. ரத்தம்தான். பெரியவருக்கு ஒரு பொருட்டாகாத 150 மி.லி. இழப்பு அந்தக் குழந்தைக்குப் பெரிய இழப்பு. எனவே உறிஞ்சும் ஜாடியில் அளவுக்கோடு தெரியும்படி வைத்து, நனைந்த துணிகளையும் எடைபோடச் சொல்லுங்கள்.

அறுவை அரங்கில்

உதட்டிலும் கன்னத்திலும் சிறிய கட்டி என்றால் மரப்பு ஊசியில் எடுக்கலாம். லிக்னோகெயினுடன் உள்ள அட்ரினலின் திசுவை வெளுக்கவைத்துக் கட்டியின் எல்லையை மறைத்துவிடும் என்பதால், ஊசி போடுவதற்கு முன்பே சளிப்படலத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, எல்லையையும் உதட்டின் சிவப்பு விளிம்பையும் சாயப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த பிறகே ஊசி. அதுவும் கட்டிக்குள் அல்ல, அதைச் சுற்றிலும். உதட்டில் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் விலகித் தைக்கப்பட்டாலும் எதிரில் உட்காருகிறவரின் கண்ணுக்குத் தெரியும். கீழுதட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை ஆப்பு வடிவில் எடுத்து நேராகத் தைத்துவிடலாம்.

வெட்டுக்கோடு எப்போதும் கட்டிக்கு வெளியே, நல்ல திசுவில் செல்ல வேண்டும். கட்டிக்குள் புகுந்துவிட்டால் ரத்தத்தில் வழி தெரியாது. ஊட்டும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடி, வெட்டுவதற்கு முன்பே பைபோலார் காட்டரி என்னும் மின்சூட்டுக் கருவியாலோ நூலாலோ அடைத்துக்கொண்டு முன்னேறுங்கள். எல்லை தெளிவில்லாத சிரைக் குறைபாட்டில், அதைச் சுற்றி ஆழமான மெத்தைத் தையல்களை இறுக்கிப் போட்டுவிட்டு, அந்த வேலிக்குள் வேலை செய்யலாம். மேலோட்டமான சிறு கட்டிகளுக்கு டையோடு லேசர் நல்ல கருவி. ஆனால் அது திசுவை எரித்துவிடுவதால், புற்றுநோய் ஐயம் உள்ள கட்டியில் அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. நோய்க்கூறு மருத்துவருக்கு ஓரங்கள் பழுதில்லாமல் கிடைக்க வேண்டும்.

ஈறுக்கட்டியை எலும்பு மேலுறையோடு சேர்த்து, சுற்றிலும் 2 மி.மீ. நல்ல திசுவோடு எடுத்து, பக்கத்துப் பற்களின் காரையையும் அன்றே சுரண்டிவிட வேண்டும். அடியை விட்டுவைத்தால் திரும்ப வரும். கன்னத்தில் மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே திறக்கும் பரோடிட் எச்சில் நாளத்தில் மெல்லிய குழாயைச் செருகிவைத்துக்கொண்டு வெட்டினால், அது அறுபடாமல் தப்பும். அண்ணத்தில் கிரேட்டர் பாலட்டைன் தமனி காத்துக்கொண்டிருக்கும்; எடுத்த இடத்தை மூடி அழுத்த, அறுவைக்கு முன்பே அளவெடுத்து அக்ரிலிக் தகடு ஒன்று செய்து வைத்திருந்தால், ரத்தமும் நிற்கும், நோயாளி விழுங்கவும் முடியும்.

நாக்கு தனி. முழு மயக்கம், மூக்கு வழியே மூச்சுக்கான குழாய், நாக்கின் நுனியில் இழுத்துப் பிடிக்க ஒரு தடித்த பட்டுநூல் ஆகிய மூன்றும் முதலில். கட்டி பெரிதாக இருந்து எம்போலைசேஷன் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்து நாக்குத் தமனியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொடங்கலாம். கீழ்த்தாடை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வெட்டி, எச்சில் சுரப்பியை மேலே தூக்கினால், டைகாஸ்ட்ரிக் தசைநாணும் அதற்கு மேலே, நாக்கை அசைக்கும் ஹைப்போகிளாசல் நரம்பும் தெரியும். அவற்றுக்கு நடுவே ஹையோகிளாசஸ் தசை நார்களைப் பிரித்தால் அதன் அடியில் தமனி கிடைக்கும். நரம்போடு ஒட்டி மேலே ஓடும் சிரையைத் தமனி என்று நினைத்துக் காட்டரி வைத்தால் நரம்பு கருகும். இரு பக்கத்துத் தமனிகளையும் ஒருசேர அடைக்கக் கூடாது. நாக்கு அழுகிவிடும் ஆபத்து உண்டு. நாக்கைத் தசை, சளிப்படலம் என அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். அடுத்த இரண்டு நாட்களுக்கு வீக்கம் கூடும் என்பதால், பெரிய கட்டி என்றால் அன்றிரவு குழாயை எடுக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருங்கள்.

ஆஞ்சியோசார்கோமாவில் கணக்கு வேறு. வாயில் இருப்பது வேறோர் இடத்திலிருந்து பரவியதாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் உடல் முழுவதும் ஸ்கேன். பிறகு கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி அகலமாக எடுத்து, பெரும்பாலும் கதிர்வீச்சையும் சேர்க்க வேண்டும். புற்றுநோய்க் குழுவின் முடிவில்லாமல் ஒரு தனி மருத்துவர் இதில் இறங்குவது சரியல்ல.

தாடை எலும்புக்குள் இருக்கும் வேக ஓட்டக் குறைபாட்டை அடைப்புச் சிகிச்சையால் மட்டுமே குணமாக்க முடிகிற நோயாளிகள் இன்று கூடிவருகிறார்கள். அப்படி முடியாதபோது அடைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ எலும்புப் பகுதியை எடுத்து, தகடு வைத்துத் தாடையை மீட்டமைக்கிறார்கள்.

பல் பிடுங்கிய குழியிலிருந்து ரத்தம் பீறிட்டால்

ஏற்காட்டில் ஒரு கிளினிக்கில் இது நடந்தால், சேலம் வந்து சேர 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். எனவே முதல் நிமிடத்தில் செய்வதுதான் உயிரைக் காக்கும்.

உறிஞ்சி உறிஞ்சிக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிடுங்கிய பல்லை அதே குழியில் திரும்பச் செருகி, அதன் மேல் மடித்த துணியை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள்; நோயாளியின் கீழ்த்தாடையை மற்ற விரல்களால் கீழிருந்து தாங்குங்கள். பல் உடைந்துபோயிருந்தால் நீளத் துணியை அல்லது ரத்தத்தை நிறுத்தும் ஆக்சிடைஸ்டு செல்லுலோஸை இறுக அடைத்து, ஈறை அதன் மேல் எட்டு வடிவில் தைத்து, மேலே அழுத்துங்கள். உதவியாளர் 108-க்கு அழைக்கட்டும். இரு கைகளிலும் பெரிய ஊசியில் சிரை வழி திறக்கட்டும். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை 10 நிமிடங்களில் சிரையில் செலுத்தட்டும்.

ஆம்புலன்ஸில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. விழுங்கிய ரத்தமும் வளைவுகளும் சேர்ந்து வாந்தி வருவது ஏறக்குறைய உறுதி. நினைவோடு இருந்தால் முன்னால் சாய்ந்து உட்காரட்டும். தளர்ந்துவிட்டால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கட்டும். அழுத்தும் விரலை வழியில் 'நின்றுவிட்டதா' என்று பார்க்க எடுக்கவே கூடாது. பல் மருத்துவர் தாமே கூட வர வேண்டும். கோரிமேடு தாண்டும்போதே மருத்துவமனைக்குத் தகவல் போயிருக்க வேண்டும்: ரத்த வகை, இழப்பின் அளவு, தாடைக்குள் ரத்தக்குழாய்க் குறைபாடு என்ற ஐயம்.

பிறகு

அறுவைக்குப் பின் இரண்டு நாட்களுக்கு ஆறிய கஞ்சி, மோர், இளநீர் போன்றவை போதும். சூடும் உறிஞ்சுகுழலும் வேண்டாம். டிரானெக்சாமிக் அமில வாய்கொப்பளிப்பு கிடைக்காத ஊரில் 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதை நாளொன்றுக்கு நான்கு முறை, இரண்டு நிமிடங்கள் வாயில் வைத்திருந்து துப்பச் சொல்லலாம். வெற்றிலையையும் புகையிலையையும் தையல் கரையும்வரை என்று சொல்லாமல், ஒரேயடியாக நிறுத்தவே சொல்லுங்கள்.

தீங்கற்ற கட்டிகளுக்கு முதல் ஆண்டில் சில முறை பார்த்தால் போதும். தமனி, சிரைப் பிணைப்புக் குறைபாடும் எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவும் பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால் ஆண்டுதோறும் டாப்ளரோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படும். காப்பி அறுவடை மும்முரமாக இருக்கும் நவம்பர் முதல் சனவரி வரை தோட்டத் தொழிலாளர்கள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். அந்த மாதங்களில் மறுபார்வைத் தேதி கொடுக்காதீர்கள். அறுவைக் குறிப்பு, திசு அறிக்கை, எந்தத் தமனி அடைக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நோயாளியிடமே கொடுத்து, இனி எந்தப் பல் மருத்துவர் பல்லைத் தொட வந்தாலும் முதலில் இதைக் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.